பையன் வீட்டில், பெண் ஹோமில்: ஏன் இப்படி?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டது இது. அவருடைய அக்கா மகளுக்குப் பதினாறரை வயது, பிளஸ் டூ படிக்கிறாள். தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், கூடப் படிக்கும் 17 வயதுப் பையனோடு கிளம்பிவிட்டாள். மூன்றாம் நாள் ஓசூர் பேருந்து நிலையத்தில் இரண்டு பேரையும் பிடித்தார்கள். பையன் மேல் கடத்தல், போக்சோ என்று வழக்கு. நான்கு நாளில் அவன் அப்பாவோடு வீட்டுக்குப் போய்விட்டான். பெண் மட்டும் 40 நாளாக ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், இருக்கிறாள். "கேஸ் இருக்கிற பையன் வெளியே இருக்கான். எங்க பொண்ணு என்ன குத்தம் பண்ணுச்சு? எப்ப விடுவாங்க?"

சகோதரி, உங்கள் பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அவள் இன்னும் உள்ளே இருப்பதற்கு அதுவே ஒரு காரணம் என்று சொன்னால் உங்களால் நம்ப முடியாது. தருமபுரியில் பல வருடமாகச் சட்ட உதவி வழக்கறிஞராக இந்த மாதிரி பிள்ளைகளுக்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஜேஜே போர்டு என்று சொல்வார்கள். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை, ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். பையன் முதல் வாசலில் போனான். உங்கள் பெண்ணை இரண்டாவது வாசலில் அனுப்பினார்கள்.

முதல் வாசலில் போனவனுக்கு ஜாமீன் என்று ஒன்று உண்டு. 12ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விடத்தக்க குற்றமானாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பிள்ளையை வெளியே விடுவதுதான் விதி. குற்றவாளிகளோடு சேரும் நிலை வரலாம், பிள்ளைக்கு ஆபத்து வரலாம், நீதியின் நோக்கம் கெடலாம் என்ற காரணங்கள் இருந்தால்தான் மறுக்க முடியும். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வக்கீல் வருவார், அப்பா கையெழுத்துப் போடுவார், பையன் கிளம்பிவிடுவான். இரண்டாவது வாசலில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. அவள்தான் குற்றவாளி இல்லையே, பிறகு ஜாமீன் எதற்கு? வக்கீலும் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பிடித்து வைக்கப்பட்டவனுக்கு வெளியே வரும் வழியைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. பாதுகாப்பில் இருப்பவளுக்கு எத்தனை நாள் என்று கேட்க ஆளில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரே சம்பவத்தில் பையனுக்கும் பெண்ணுக்கும் எழுதப்பட்ட இரண்டு சமூக விசாரணை அறிக்கைகளை, அதாவது பிள்ளையின் குடும்பம், பின்னணி பற்றி விசாரித்து எழுதும் அறிக்கைகளை, அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். பையனுடையதில்: அப்பாவுக்கு மாங்கூழ் ஆலையில் வேலை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், மகன் கபடி ஆடுவான், படிப்பு சுமார், வயதுக் கோளாறில் செய்துவிட்டான், குடும்பம் பார்த்துக்கொள்ளும். பெண்ணுடையதில்: செல்போன் பழக்கம் அதிகம், தாய் சொல்லுக்கு அடங்குவதில்லை, ஏற்கனவே வேறொரு பையனோடு பேசியதாக அக்கம்பக்கத்தார் கூறுகின்றனர், மனமாற்றம் தேவை. ஒரே பேருந்தில், ஒரே சீட்டில் உட்கார்ந்து போன இரண்டு பேர். அவனுக்கு வயதுக் கோளாறு, இவளுக்குக் குணக் கோளாறு. அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் 500க்கு 431 வாங்கியவள். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாகுபாடு என்று நான் சொல்வது இதைத்தான். எந்தப் பிரிவிலும் பெண்ணை அதிக நாள் அடைத்து வை என்று எழுதவில்லை. சொல்லப்போனால் 3ஆம் பிரிவு பாகுபாடு கூடாது என்கிறது, பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது, பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் இல்லாதது, அறிக்கை எழுதும் பேனாவில் இருக்கிறது.

முன்பு சட்டத்திலேயே வெளிப்படையாக இருந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டப்படி பையன் என்றால் 16 வயது வரைதான் சிறார், பெண் என்றால் 18 வரை. 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருவருக்கும் 18 என்று ஆக்கியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆள் கடத்தலுக்கும் இதே கணக்குதான், பையனுக்கு 16, பெண்ணுக்கு 18. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் அதைப் பொதுவாகக் 'குழந்தை' என்று மாற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் பெண்ணுக்கு இரண்டு வருடம் கூடுதல் பாதுகாப்பு. நடைமுறையில், இரண்டு வருடம் கூடுதலாகப் பிடித்து வைக்க அனுமதி. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், வீட்டுக்கு அடங்காத, ஓடிப்போகிற பிள்ளைகள் என்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று சட்டம் இருந்தது. 1972இல் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம் அது செல்லாது என்று தூக்கி எறிந்தது. அடங்காமல் போவது ஆண் பிள்ளைக்கு விளையாட்டு, பெண் பிள்ளைக்கு வழக்கு என்ற எண்ணம் கடல் தாண்டியும் ஒன்றுதான்.

கடத்தல் பற்றி இன்னொன்று. 18ஐ நெருங்கிய பெண் தானே முடிவெடுத்துத் தானே கிளம்பி வந்திருந்தால், கூடப் போனவனைக் 'கடத்தினான்' என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. வரதராஜன் வழக்கு, நம் மெட்ராஸ் மாநிலத்திலிருந்து போனதுதான். ஆனாலும் அப்பா புகார் கொடுத்ததும் முதலில் எழுதுவது கடத்தல்தான். பெண் தன் காலால் நடந்து போயிருப்பாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

போக்சோ வேறு கணக்கு. 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 18க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவரும் சிறார்களாக இருந்தாலும் நடைமுறையில் பையன் குற்றம் சாட்டப்பட்டவன், பெண் பாதிக்கப்பட்டவள். இது அந்தப் பையனுக்கும் அநியாயம்தான், உங்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவக் காதலில் பையன்களைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி, இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல விஷயம். ஆனால் அது பையனின் கைதைப் பற்றியது. பெண் எத்தனை நாள் ஹோமில் இருக்கலாம் என்பதைப் பற்றி அல்ல.

மேற்கு வங்காளத்தில் ஒரு வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒருவரை போக்சோவிலிருந்து விடுவித்தபோது, வளரிளம் பெண்கள் தங்கள் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சைக் கண்டித்து, அவர் குற்றவாளிதான் என்ற தீர்ப்பை மீட்டது. அதன் பிறகு ஒரு நிபுணர் குழுவை அமைத்து அந்தப் பெண்ணிடமே பேச வைத்தது. சட்டம் குற்றம் என்று சொன்ன செயலைவிட, அதன் பிறகு போலீஸ், கோர்ட் என்று அலைந்ததும், அந்த மனிதரைக் காப்பாற்றப் போராடியதும்தான் அவளை நொறுக்கியது என்று தெரிந்தது. சமூகம், குடும்பம், சட்டம் மூன்றுமே அவளைக் கைவிட்டன என்று 2025 மே மாதம் நீதிமன்றமே சொல்லி, அவருக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அவளிடம் கேட்க அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சரி, உங்கள் பெண்ணுக்கு வருவோம். இங்கே நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாய்மாமனுக்குப் பேச்சு நடந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். குழுவின் முன் அவள் "வீட்டுக்குப் போனா கட்டி வெச்சிடுவாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களால் அவளை அப்படியே அனுப்ப முடியாது. கல்யாண ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்றே இளைஞர் நீதிச் சட்டம் வரையறுக்கிறது. இதில் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே அதிகாரி வருவார் என்று தெரிந்தால், எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறிவிடும். பையன் வேறு சாதி என்றால் பயம் இன்னும் பெரிது. 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தியது நம் தருமபுரியில்தான். அதை நினைத்துக்கொண்டு ஒரு குழு தயங்கினால் அது நியாயமான தயக்கம்.

ஆனால் பாருங்கள், தப்புப் பண்ணப் போகிறவர்கள் பெரியவர்கள். வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது பெண். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், கல்யாணத்தை நடத்தக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். அதை மீறி நடந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது. பெற்றோருக்கு ஒரு தடை உத்தரவு, ஒரு எழுத்து உறுதிமொழி, மாதம் ஒரு முறை பார்வை என்று கட்டிப் போட்டுவிட்டுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். அப்படிக் கேட்டு மனுப் போடுகிறவர்கள் குறைவு. பெண்ணை உள்ளே வைப்பது சுலபம், அவ்வளவுதான்.

2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் 6 வயது வரையிலான 1000 ஆண் பிள்ளைகளுக்கு 826 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அந்த வருடம்தான் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். 2011இல் அது 913 ஆனது. பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு மாவட்டம் இத்தனை பாடுபட்டிருக்கிறது. அப்படிப் பிழைத்து வளர்ந்த பெண், தனக்கென்று ஒரு விருப்பத்தைச் சொன்னவுடன் அவளைப் பூட்டி வைக்க இடம் தேடுகிறோம்.

குற்றம் சாட்டப்பட்டே வரும் பெண்களும் இருக்கிறார்கள். மிகச் சிலர்தான். சிலர் என்பதாலேயே, விசாரணை முடியும்வரை அவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லங்களும் குறைவு, தூரமும் அதிகம். ஓசூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வேலை செய்த 15 வயதுப் பெண்ணை நகை காணோம் என்று பிடித்த வழக்கில் நான் ஆஜரானேன். ஜாமீன் அன்றைக்கே கிடைத்தது. கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வர 11 நாள் ஆனது. ஒரு பையன் மாட்டினால் அப்பா, சித்தப்பா, தெரிந்த கவுன்சிலர் என்று ஒரு ஆட்டோ நிறைய வந்து இறங்குவார்கள். பெண் மாட்டினால் அம்மா மட்டும் வருவார், அதுவும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு. யாரும் வராத பெண்ணைப் பார்த்து, வெளியே விட்டால் ஆபத்து என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! உள்ளே போன பிறகு கற்றுக்கொடுப்பதும் பல இடங்களில் தையலும் பூ வேலையும்தான். இல்லத்தில் இருக்கும் பெண்களுக்குக் கவனிப்பிலோ பயிற்சியிலோ ஆண்களைவிட எந்த வகையிலும் குறையக் கூடாது என்று ஐ.நா.வின் பெய்ஜிங் விதிகள் 1985லேயே சொல்லிவிட்டன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

முதலில் அவளுக்கென்று ஒரு வக்கீல். வீட்டுக்காக வாதாடுகிறவர் வேண்டாம், அவளுக்காகப் பேசுகிறவர் வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

அப்புறம் கால அளவு. குழந்தைகள் நலக் குழு விஷயத்தில், சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், இறுதி உத்தரவு 4 மாதத்துக்குள் வர வேண்டும். போக்சோ விதிகள் 2020 இன்னும் கடுமையாகச் சொல்கின்றன. அந்த வழக்கில் குழுவின் முன் கொண்டுவரப்பட்ட பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்க வேண்டுமா என்பதை 3 நாளில் முடிவு செய்ய வேண்டும், அதில் பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 40 நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். அவளை இல்லத்தில் வைக்கச் சொன்ன உத்தரவின் நகலைக் கேளுங்கள். விசாரணை அறிக்கை முடிந்ததா என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், மனுவைக் கொடுத்ததற்கு ஒரு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பதோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, இதுதான் உங்கள் கையில் இருக்கிறது. பெற்றோர் வீடு ஆபத்து என்றால் ஹோம்தான் என்று இல்லை. தகுதியுள்ள ஒரு நபரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த நபராக நீங்களே வரலாம். உங்கள் ஆதார், குடும்ப அட்டை, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், அவள் பள்ளிக்குப் போய்வர உங்கள் ஊரிலிருந்து எந்தப் பேருந்து என்பது உட்பட எல்லாம் வைத்து மனுக் கொடுங்கள். பணக் கஷ்டம் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தத் தாய்மாமன் உங்கள் உடன்பிறந்தவர். குழு இதைக் கேட்காமல் விடாது, கேட்கவும் வேண்டும். தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் அவர் உங்கள் வீட்டுக்கு வருவாரா, அக்கா வந்து அழுதால் நீங்கள் இளகிவிடுவீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். 18 முடியும்வரை கல்யாணப் பேச்சு என் வாசலில் நடக்காது என்று உங்களால் தம்பி முகத்துக்கு நேரே, அல்லது அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அதற்கு உறுதியாக 'ஆம்' என்றால் மட்டும் மனுவைக் கொடுங்கள். பாதியில் பின்வாங்கினால் அவளுக்குப் போக இடமே இருக்காது.

மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கும், அல்லது நடக்கும். பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும், பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். இரண்டு விரல் சோதனை அறவே கூடாது. 2013இலும் மறுபடி 2022இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அவள் கருவுற்றிருந்தால் மறைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுமி என்பதால் சட்டம் 24 வாரம் வரை வழி தருகிறது, நாள் தள்ளினால் அந்த வழி அடைந்துவிடும்.

குழுவின் உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவே போடாமல் இழுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். நலக் குழு பற்றிய புகார்களைக் கேட்கும் அதிகாரி அவர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ஆனால் மனுவில் பெண்ணின் பெயரை ஊருக்கே தெரிகிற மாதிரி உரக்கப் படிக்க விடாதீர்கள். செய்தியிலோ வாட்ஸப்பிலோ அவள் படமோ ஊரோ பள்ளியோ வந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் சொந்தக்காரர் குழுக்களில் சுற்றும் அந்த ஓசூர் போட்டோவையும் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் அவளைப் பார்க்கப் போகும் நாள். நான் ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள் வந்து உட்கார்ந்ததும் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை, அந்தப் பையனைப் பற்றியும் கேட்கவில்லை. "அக்கா, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு எங்க வீட்டு பீரோ மேல இருக்கு. அம்மாவைக் கிழிச்சுடாம வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். சுடிதார் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அடுத்த வாரம் வந்தபோது நோட்டைக் கொண்டுவரவில்லை. "உன்னால தலைகாட்ட முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அந்தப் பெண் வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்ட எல்லோருக்கும் தலையை மட்டும் ஆட்டி இல்லை என்றாள். குழு அதை அப்படியே எழுதிக்கொண்டது.

உங்கள் பெண்ணுக்கும் செய்முறைத் தேர்வு வரும். பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லத்திலிருந்தே தேர்வெழுத அனுப்பும்படி குழுவுக்குத் தனியாக ஒரு மனு எழுதுங்கள். போகும்போது அவளுடைய நோட்டுகள், இரண்டு செட் துணி, நாப்கின், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எடுத்துப் போங்கள். போய் உட்கார்ந்து, அவளாகப் பேசும்வரை காத்திருங்கள்.